பாதி டேங்க்

ஓடைக்கல்புதூரில் முதன்முதலாகச் சாய்ந்தது குட்டப்பன் கடை டீதான் என்று ஒரு கட்சியும், இல்லை, சொசைட்டியில் அளந்துகொண்டிருந்த பால்தான் என்று இன்னொரு கட்சியும் இன்றைக்கும் உண்டு. எது முந்தி என்பதில் ஊர் ஒத்துப்போகாவிட்டாலும், அது நடந்தது ஒரு சனிக்கிழமைக் காலை என்பதிலும், ஊர்க்கோடி ரேஸ் மைதானத்தின் நீண்ட இடது வளைவில் மரகதம் தன் அண்ணன் கட்டிய காரை முதல் தடவையாக முழு வேகத்தில் விட்டபோதுதான் நடந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. கிளாஸை யாரும் சாய்க்கவில்லை, மேசை ஆடவில்லை, பூமி அதிரவில்லை. கிளாஸ் நேராக நிற்க, உள்ளே இருந்த டீ மட்டும் வலப்பக்கமாக ஏறி, விளிம்புவரை வந்து, கார் வளைவைத் தாண்டும்வரை அங்கேயே நின்று, பிறகு தன் இடத்துக்கு இறங்கிக்கொண்டது. எதிரெதிரே உட்கார்ந்து டீ குடித்தவர்களில் அவரவருக்கு அவரவர் வலக்கைப் பக்கமே சாய்ந்தது என்பதால், எந்தப் பக்கம் சாய்ந்தது என்று இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மரகதத்துக்கு இது எதுவும் அப்போது தெரியாது. அவள் கவலை டேங்க்கைப் பற்றியது. அண்ணன் லோகநாதன் பைக் இன்ஜினைப் போட்டு, அலுமினியத் தகட்டை வளைத்து, கல்யாண மண்டபத்து அண்டாக்கள் இரண்டைச் சேர்த்து வைத்தால் அதுவே கனம் என்று ஊர் கேலி செய்யும் அளவுக்கு லேசாக அந்தக் காரைக் கட்டியிருந்தான். லேசான கார் என்பதால் வளைவில் வேகம் குறைக்கத் தேவையில்லை. வேகம் குறையாததால் டேங்க்கில் இருந்த பெட்ரோலெல்லாம் ஓடி வலப்பக்கச் சுவரில் ஏறி நின்றுவிடும். நடுவில் இருக்கிற குழாய் பெட்ரோலுக்குப் பதில் காற்றைக் குடிக்கும். டேங்க்கில் பெட்ரோல் இருக்க இன்ஜின் தாகத்தில் செத்துப்போகும். அன்றைக்கு வளைவின் கடைசியில் அப்படித்தான் செத்தது. பின்னால் வந்தவன் கெட்டிக்காரன், ஒதுங்கிப் போனான். லோகநாதன் மறுநாளே குழாயை டேங்க்கின் வலது மூலைக்கு மாற்றினான், பெட்ரோல் எங்கே ஓடி ஒளிகிறதோ அங்கேயே போய் வாயை வைத்த மாதிரி. இன்ஜின் சாகவில்லை, மரகதம் ஜெயிக்க ஆரம்பித்தாள், ஊர் சாய்ந்துகொண்டே இருந்தது.

எதற்கும் பழகிக்கொள்வதில் ஓடைக்கல்புதூர்க்காரர்களை மிஞ்ச ஆளில்லை. குட்டப்பன் உயரமான கிளாஸ்கள் வாங்கினான், முக்கால் கிளாஸ்தான் ஊற்றினான், மிச்சக் கால் சாய்வுக்கு என்றான். பெண்கள் குழம்புச் சட்டியை அடுப்பில் வைக்கும்போது வலப்பக்கம் வழிவதைப் பிடிக்க ஒரு தட்டை எடுத்துக்கொள்ளாமல் வைப்பதில்லை. எருமைகள் தொட்டியின் வலப்பக்கமாக நின்று குடிக்கக் கற்றுக்கொண்டன, மனிதர்களுக்கு முன்பாகவே கற்றுக்கொண்டன என்று அவற்றின் சொந்தக்காரர்கள் பெருமையாகச் சொன்னார்கள். டாஸ்மாக்கில் உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் அந்த நேரத்தில்தான் உலகம் நேராகத் தெரிந்ததாம். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து ரசமட்டத்தோடு ஒரு புரொபசர் வந்தார், ரசமட்டத்தில் இருந்த குமிழி ஓடிப்போய் மூலையில் நின்றதைப் பார்த்தார், வேட்டியில் டீயைக் கொட்டிக்கொண்டார், நல்ல ஊர் என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார். பயிற்சி நேரத்துக்கு முன்னால் மைதானத்து மைக்கில், மரகதம் வண்டி எடுக்கப் போகிறாள், அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிடவும் என்று அறிவிப்பு வரும். அது வந்ததும் ஊரில் அத்தனை பேரும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா நிற்பார்கள், அந்தச் சும்மா நிற்பதில் எத்தனையோ வீட்டுச் சண்டைகள் ஆறிப்போயின.

ஒருமுறை பஞ்சாயத்தில் யாரோ முறையிட்டதால் லோகநாதன் டேங்க்குக்குள் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை வைத்துப் பார்த்தான். பெட்ரோல் அங்கங்கே தடுக்கி நின்றது, ஓட்டம் அடங்கியது. ஆனால் ஊரில் இருந்த தண்ணீரெல்லாம் சாய்வதற்குப் பதில் காய்ச்சல் வந்தவன் உடம்பு மாதிரி நடுங்கத் தொடங்கியது; ரசத்தைக் கரண்டியில் எடுக்க முடியவில்லை, சவரம் செய்கிறவர் கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்துப் பயந்து கத்தியைக் கீழே வைத்தார். முறையிட்டவரே வந்து தகட்டை எடுத்துவிடச் சொல்லிவிட்டார். சாய்ந்தாலும் அது ஒரு மரியாதையோடு சாயட்டும் என்றார்.

அதற்கப்புறம் சாய்வு ஊருக்குச் செல்லமாகிவிட்டது. கல்யாணப் பெண்ணுக்கு ஆரத்தி எடுக்கும்போது தட்டில் மஞ்சள் நீர் சாய்ந்தால் யோகம் என்றார்கள், அதற்காகவே முகூர்த்தத்தைப் பயிற்சி நேரத்தோடு சேர்த்து வைத்தார்கள். வளைவுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறோமோ அவ்வளவுக்குச் சாய்வு பலம் என்பதும் தெரிந்துபோனது. ஆகவே லோகநாதன் மனைவி வசந்தாமணி, கல்யாணமாகி வெகுநாள் ஏங்கி, ஊரிலுள்ள சாமிகளை ஒன்று விடாமல் கேட்டு, ஒருவழியாக உண்டாகி, அவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுவரும் நாள் வந்தபோது, விருந்தை வீட்டில் வைப்பானேன், மைதானத்து வளைவோரம் பந்தல் போட்டு வைப்போம், பிள்ளை தைரியமாகப் பிறக்கட்டும் என்று மரகதம்தான் சொன்னாள். அண்ணியை அந்த ஊர் வழக்கப்படி அவள் நங்கை என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு தனக்குத் தலை வாரிவிட்டவள், முதல் ரேஸுக்கு அப்பா திட்டியபோது வாசலில் நின்று சண்டை போட்டவள் என்பதால் அந்தச் சொல்லில் கொஞ்சம் அம்மாவும் இருந்தது. பந்தலில் நாற்காலி போட்டு வசந்தாமணியை உட்கார வைத்தார்கள், வளையல் போட்டார்கள், ஏழு வகைச் சோற்றை ஊட்டினார்கள், அவளுக்காக மரகதம் அந்த வளைவை எப்போதையும்விட வேகமாக, திரும்பத் திரும்ப எடுத்தாள். வயிற்றுத் தண்ணீரும் தண்ணீர்தான் என்று அத்தனை பெண்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

அடுத்த வாரம் டாக்டர் நூர்ஜஹான் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் தடவிப் பார்த்தார். தலை கீழே திரும்பியிருந்த குழந்தை இப்போது குறுக்கே கிடந்தது, தலை வலது விலாவில், கால் இடது பக்கத்தில். கையாலேயே மெல்லத் திருப்பிவிட்டார். மாலையில் மைக் அறிவித்தது, மரகதம் வண்டி எடுத்தாள், மறுநாள் பார்த்தால் குழந்தை பழையபடி குறுக்கே. விஷயம் தெரிந்ததும் மரகதம் வண்டியைத் தொடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் எவ்வளவு தடவினாலும் குழந்தை கட்டிப்போட்ட மாதிரி அசைய மறுத்தது. வேறு யாராக இருந்தாலும் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். வசந்தாமணிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இருதயத்து வால்வு ஒன்று கெட்டிருந்தது, மயக்க மருந்தை அது தாங்காது. வேறு வழியே இல்லையென்றால் மட்டும் கத்தி, அப்போதும் தாயா பிள்ளையா என்று என்னால் சொல்ல முடியாது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். மரகதம் அன்று கொல்லையில் போய் நின்று அழுதாள். பந்தல் போடலாம் என்று சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

காரால் போனது காரால்தான் வரவேண்டும் என்று முதலில் சொன்னது டாக்டர்தான். இடது வளைவில் வலப்பக்கம் போனது, எதிர்த்திசையில் வந்து அதையே வலது வளைவாக எடுத்தால் இடப்பக்கம் வரும். தண்ணீர் சாய்கிற அந்த நேரத்தில் தானும் கை வைத்துத் தள்ளினால் தலை இறங்கிவிடும் என்றார். எம்.டி. படித்தவர் இப்படிப் பேசுகிறாரே என்று யாரும் நினைக்கவில்லை, அவரும் அந்த ஊரில் சாய்கிற சலைன் பாட்டிலோடு காலம் தள்ளுகிறவர்தானே. மைதானம் காலியாக இருந்த ஒரு காலையில் மரகதம் எதிர்த்திசையில் வண்டியை விட்டாள். பெட்ரோல் இப்போது இடப்பக்கம் ஓடியது, வலது மூலைக் குழாய் காற்றைக் குடித்தது, பாதி வளைவில் இன்ஜின் செத்தது. சாய்ந்துகொண்டிருந்த ஊர்த் தண்ணீரெல்லாம் பாதியில் அறுந்து, அறைந்த மாதிரி திரும்பி வந்து விழுந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வசந்தாமணி வலியில் நினைவு தப்பினாள்.

லோகநாதன் அன்றிலிருந்து பட்டறையை விட்டு வரவில்லை. குழாயை இடது மூலைக்கு மாற்றினால் வலது வளைவு சரியாகிவிடும், ஆனால் ரேஸில் அதே வளைவு மறுபடி இடது வளைவு, அங்கே செத்துப்போகும், வலி வருகிற நேரத்தில் குழாயை மாற்றிக்கொண்டிருக்கவும் முடியாது. தகடு வைத்தால் பெட்ரோல் ஓடாது, ஓடாவிட்டால் ஊர் சாயாது, ஊர் சாயாவிட்டால் பிள்ளை திரும்பாது. பெட்ரோல் தன் இஷ்டத்துக்குச் சாயவும் வேண்டும், இன்ஜினுக்குத் தாகம் எடுக்கவும் கூடாது. வெகுநேரம் டேங்க்கின் முன்னால் குந்தியிருந்துவிட்டு, அலுமினியக் குழாயில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு பக்கமும் மூடி, சொம்பு அளவுக்கு ஒரு குட்டி டேங்க் செய்தான். பெரிய டேங்க்கின் நடுவிலிருந்து ஒரு சின்ன பம்ப் எடுத்து இதை எப்போதும் நிரப்பி வைக்கும். இன்ஜின் இதன் அடியிலிருந்துதான் குடிக்கும். வளைவில் பெரிய டேங்க்கில் என்ன கூத்து நடந்தாலும் குட்டி டேங்க்கில் இருப்பது வளைவு முடியும்வரை தாங்கும், நேர்ப்பாதைக்கு வந்ததும் மறுபடி நிரம்பிக்கொள்ளும். அதைப் பொருத்திவிட்டு, திங்கள்கிழமை மைதானம் சும்மா இருக்கும்போது ஓட்டிப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

வலி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அந்த ஞாயிறு வருஷத்தின் கடைசி ரேஸ், புள்ளிக்கணக்கில் மரகதம்தான் முதலில் இருந்தாள், ஜெயித்தால் சென்னையில் பெரிய டீமில் சீட் என்று சொல்லியிருந்தார்கள். கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிற பிள்ளைக்கு இடது வளைவால் இனி புதிதாக ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அவள் ரேஸுக்கு வந்திருந்தாள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது அண்ணன் போன் செய்தான்.

"இப்பவே சுத்தோணும் மரகதம். டேங்க்குல பாதிதான் இருக்குது, பாதியே இருக்கட்டும். நெறஞ்ச டேங்க்கும் சாயாது, காலி டேங்க்கும் சாயாது. நடுவுல நிறுத்தி ஊத்திக்கலாம்னு நெனைக்காத. நீ நின்னா புள்ளை பழைய எடத்துக்கே போயிரும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

உள்ளதைச் சொன்னால், ஒரு நொடி, வேறு யாராவது ஓட்டினால் என்ன, ரேஸ் முடிந்து ஓட்டினால் என்ன என்று அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. அந்த இருக்கை அவள் இடுப்பு அளவுக்கு அடித்தது, இன்னொருத்தர் உட்கார முடியாது. அதைவிட, அப்படித் தோன்றியதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. நேராக மைதானத்துச் செயலாளர் வெங்கிடுபதியிடம் போய், எதிர்த்திசையில் ஓட்டப் போகிறேன் என்றாள். எதிர்த்திசையில் ஓட்டினால் லைசென்ஸ் ரத்து, அதில் அவர் அப்பனுக்கே தயவு காட்டமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

வெங்கிடுபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரூல் ரூல்தான் அம்மிணி. ஓட்டி முடிச்சதும் ரத்து பண்ணீர்றேன். மொதல்ல போய் ஓட்டு" என்றார்.

மற்ற கார்களை அவரே கையைக் காட்டி ஓரங்கட்டினார். மைக்கைப் பிடுங்கி, இன்றைக்கு எல்லாம் இடப்பக்கம் சாயும், டம்ளர் வைத்திருப்பவர்கள் கை மாற்றிக்கொள்ளவும் என்று அறிவித்தார். ஒரு காதில் ஆஸ்பத்திரிப் போனை வைத்துக்கொண்டார். தலை கீழே வந்துவிட்டது என்று செய்தி வந்ததும் குட்டப்பன் வளைவோரம் நின்று தோள் துண்டை ஆட்டவேண்டும், அதைப் பார்க்கும்வரை மரகதம் நிற்கக்கூடாது என்று ஏற்பாடு. ரேஸ் பார்க்க வந்த ஜனம், சோடாவும் டீயும் மோரும் கையில் பிடித்தபடி, எழுந்து நின்றது.

கார் எதிர்த்திசையில் கிளம்பியது. வலது வளைவில் அவள் அதை முழு வேகத்தில் விட்டபோது முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் ஓடி இடப்பக்கச் சுவரில் மோதுவது அவளுக்குக் கேட்டது, இன்ஜின் ஒரு இருமல்கூட இருமவில்லை, குட்டி டேங்க் கொடுத்துக்கொண்டே இருந்தது, ஓடைக்கல்புதூரின் அத்தனை கிளாஸும் அத்தனை குடமும் அத்தனை தொட்டியும் முதல் தடவையாக இடப்பக்கம் விளிம்புவரை சாய்ந்தன. எருமைகள் குழம்பிப்போய்க் கத்தின. ஆஸ்பத்திரியில் தண்ணீர் சாய்கிற ஒவ்வொரு தடவையும் டாக்டர் நூர்ஜஹான் இரண்டு கைகளாலும் பிள்ளையைத் தள்ளினார், அது ஒரு விரற்கடை வந்தது, வந்ததில் பாதி திரும்பிப் போனது, மறுபடி வந்தது. மரகதம் சுற்றிக்கொண்டே இருந்தாள். குட்டப்பன் துண்டு தோளிலேயே கிடந்தது. பெட்ரோல் குறையக் குறையச் சாய்வும் மெலிந்துகொண்டே வந்தது, விளிம்புவரை ஏறிய டீ இப்போது பாதி ஏறியது, பிறகு அதிலும் பாதி.

முதல் தடவையாக நேர்ப்பாதையில் குட்டி டேங்க் நிரம்பவில்லை. பெட்ரோல் முள் கீழே கிடந்ததை மரகதம் பார்த்தாள். இது கடைசி வளைவு என்று தெரிந்தது, நங்கை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளே விட்டாள். பெரிய டேங்க்கில் இருந்த கொஞ்சமும் இடது மூலைக்கு ஓடிவிட்டது, பம்ப் காற்றைக் கொண்டுவந்தது, குட்டி டேங்க் தீர்ந்தது. நடு வளைவில் இன்ஜின் செத்தது.

சாய்ந்திருந்த டீ பாதியில் தயங்கி நடுங்கிற்று, திரும்பி அறையப் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்தது, போன தடவை அறைந்தபோது வசந்தாமணி என்ன ஆனாள் என்பதும் தெரிந்தது. அப்போது குட்டப்பன், யாரும் சொல்லாமல், தன் கையில் இருந்த கிளாஸை இடப்பக்கம் சாய்த்தான். டீ கையில் வழிந்தது. சாய்த்தபடியே பிடித்துக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் சோடா பாட்டிலைச் சாய்த்தார். வெங்கிடுபதி போனைக் காதிலிருந்து எடுக்காமல் மோர் டம்ளரைத் தன் வெள்ளைச் சட்டையில் சாய்த்துக்கொண்டார். ஜனம் முழுக்கச் சாய்த்தது. ஜனம் சாய்க்கிறது என்று மைக்கில் கேட்ட ஊருக்குள் குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துச் சாய்த்தார்கள், குடத்தைச் சாய்த்தார்கள், சொசைட்டியில் பால் கேனை நாலு பேர் சேர்ந்து சாய்த்தார்கள், பால் தெருவில் ஓடியது, ஒருத்தரும் ஐயோ என்று சொல்லவில்லை. கார் சாய்த்து ஊர் சாய்ந்த காலம் போய், ஊர் சாய்த்தது. ஓட்டம் அடங்கி உருண்டுகொண்டிருந்த காரின் டேங்க்கில் மூலையில் பதுங்கிய கடைசிப் பெட்ரோல், அந்தப் பலத்துக்குக் கட்டுப்பட்டு, சுவரில் ஏறி, புரண்டு, பம்ப்பின் வாய்க்கே வந்து விழுந்தது.

இன்ஜின் இருமிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. மரகதம் மிச்ச வளைவையும் கடைசிவரை, கால் எடுக்காமல் ஓட்டி வெளியே வந்தாள். நேர்ப்பாதையில் கார் மறுபடி செத்து உருண்டு நின்றபோது அவள் திரும்பிப் பார்த்தாள். குட்டப்பன் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான், டீயில் நனைந்த துண்டு, ஆட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தான்.

வெங்கிடுபதி சொன்ன சொல் தவறாமல் அங்கேயே லைசென்ஸை ரத்து செய்தார். மற்றவர்கள் ரேஸை ஓட்டினார்கள், யாரோ ஜெயித்தார்கள், சென்னைச் சீட் அவனுக்குப் போனது. ஊரில் அன்று ஒரு வீட்டிலும் சமைத்தது மிச்சமில்லை, எல்லாரும் வெறும் சோற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள்.

மரகதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெண் குழந்தை பிறந்து, துடைத்து, துணியில் சுற்றி வைத்திருந்தது. வசந்தாமணி முகம் வெளுத்துக் கிடந்தாள். மரகதம் கட்டிலருகே நின்று, பந்தல் போடலாம் என்று நான்தான் சொன்னேன், என்னை மன்னித்துவிடு என்றாள்.

"கோவமாத்தான் இருந்துச்சு அம்மிணி" என்றாள் வசந்தாமணி, மெல்ல. "நேத்துவரைக்கும் இருந்துச்சு. அந்தக் கடைசி வளைவுல வயித்துத் தண்ணி அப்படியே நின்னுபோச்சு பாரு, நீ நடுவுல நின்னுட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுது. புள்ளையப் பத்தி ஞாவகமே வரல. என்ற அம்மிணிக்கு என்னாச்சோன்னுதான் கத்துனேன்."

வசந்தாமணி துணியோடு குழந்தையை எடுத்து, ஹெல்மெட் வார் பதிந்து சிவந்திருந்த அவள் கழுத்தருகே சாய்த்துக் கொடுத்தாள்.